அந்த ஓட்டைகளை அடைக்காதீர்கள்!

ஜபல்பூரில் குடியிருக்கும் நமக்கு ராணுவ வண்டி என்பது குடியரசு தின அணிவகுப்பில் மட்டும் பார்க்கிற வேடிக்கைப் பொருள் அல்ல. 1904-ல் வந்த கன் காரேஜ் ஃபாக்டரி, 1969-ல் வந்த வெஹிக்கிள் ஃபாக்டரி, சிக்னல் படையின் பயிற்சி மையம் என்று ஏதாவது ஒன்றோடு உறவு இல்லாத தமிழ்க் குடும்பம் நம் சங்கத்தில் குறைவு. மாமா லாரிக்கு கியர் பொருத்தியிருப்பார். சித்தப்பா மோர்ஸ் தட்டியிருப்பார். ஆகவே ஒரு பழைய ஜீப்பைப் பற்றி நாலு பக்கம் எழுதினால் நம் வாசகர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

ஜீப்பைப் பற்றி என்றால் முழு ஜீப்பையும் பற்றி அல்ல. எஞ்சின், டயர், பெயிண்ட் ஆகியவற்றைப் பற்றிப் பேச நம் ஊரில் ஆள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது யாரும் எட்டிப் பார்க்காத பின்பக்கத்து மூலையைப் பற்றி. யுத்த காலத்து ஜீப்பில் ஒயர்லெஸ் பெட்டியை உட்கார வைக்க ஒரு இரும்புத் தட்டு, அதற்கு ரப்பர் மெத்தை, ஏரியலுக்கு ஒரு தாங்கி, பாட்டரிக்கு ஒரு பெட்டி, இவற்றையெல்லாம் வண்டியோடு இணைக்கச் செப்புப் பட்டைகள் என்று ஒரு சிறு குடும்பமே இருந்தது. வண்டி படையை விட்டு வெளியே வந்ததும் முதலில் கழற்றி எறியப்படுவது இந்தக் குடும்பம்தான். மிஞ்சி நிற்பவை ஓட்டைகள் மட்டும்.

சல்லடையா, சாட்சியா?

நம் சங்கத்து மூத்த உறுப்பினர் ஒருவர் வீட்டில் அப்படி ஒரு ஜீப் இருக்கிறது. தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தெட்டு. நான் அவரை அண்ணா என்றும் அவர் என்னைத் தம்பி என்றும் கூப்பிட்டு முப்பது வருஷம் ஆகிவிட்டது. அவருடைய தகப்பனார் வேலூர்ப் பக்கத்திலிருந்து இரண்டாம் உலகப் போரின்போது சிக்னல் படையில் சேர்ந்து, பர்மா போர்முனையில் ஒயர்லெஸ் ஆபரேட்டராக இருந்து, கடைசியில் இந்த ஊரிலேயே வீடு கட்டிக்கொண்டவர்.

ஜீப் அந்தத் தகப்பனாருடையது அல்ல. பீடி இலைக் காண்டிராக்டர் ஒருவர் காட்டுக்குள் தெந்து இலை மூட்டை ஏற்ற வைத்திருந்த வண்டியை, 1990-களில் அண்ணா ஆசைப்பட்டு வாங்கினார். நீலப் பெயிண்ட் அடித்து, மேலே தகரக் கூண்டு போட்டிருந்தது. அதன் பிறகு அது பெரும்பாலும் கொட்டகையில்தான் நின்றது.

பேரனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அழைப்புக்குத் தாத்தாவின் ஜீப்பைப் பளபளவென்று ஆக்கிவிட வேண்டும் என்று பேரன் ஒரு பட்டறையில் பேசி, முன்பணமும் கொடுத்துவிட்டான். பட்டறை மிஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "பின்னாடி தரையெல்லாம் சல்லடை மாதிரி இருக்கு. எல்லா ஓட்டையையும் வெல்டு வெச்சு அடைச்சு, பட்டி பார்த்து, மேலே புதுத் தகடு போட்டுடறேன். பாட்டுப் பெட்டியும் ஸ்பீக்கரும் வைக்க வசதியா இருக்கும்" என்று இந்தியில் அழகாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் தொழிலில் அவர் சொன்னது சரி.

அண்ணா அன்று மாலை என்னிடம் வந்தார். கையில் ஒரு பழைய போட்டோ. உள்ளங்கை அளவுதான். ஜீப்பின் பின்பக்கம் ஒரு பெட்டி, அதன் முன்னால் காதில் ஹெட்போன் மாட்டிய இளைஞர். பின்புறம் பென்சிலில் "பர்மா, 1945" என்று எழுதியிருந்தது.

"எங்கப்பா உட்கார்ந்த மாதிரி அந்தப் பெட்டி பின்னால இருக்கணும் தம்பி. ஓடணும்னு கூட இல்லை. சரியான இடத்துல இருந்தாப் போதும். பையன் அடுத்த வாரம் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோறேங்கிறான். நீ வந்து ஒரு தடவை பார்த்துடேன்" என்றார்.

நான் ரயில்வேயில் சிக்னல் மற்றும் டெலிகாம் பிரிவில் இருந்தவன். ஜீப் என் துறை அல்ல. ஆனால் ஒரு கருவியை அதிரும் இடத்தில் பொருத்துவதும், அதற்கு ஒழுங்கான எர்த் கொடுப்பதும் நான் முப்பத்தெட்டு வருஷம் செய்த வேலை. பேரனிடம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவகாசம் கேட்டேன்.

ஓட்டைகள் பேசுகின்றன

முதலில் வண்டி எது என்று பார்த்தோம். யுத்த காலத்து ஜீப்பை வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு கம்பெனிகள் ஒரே வரைபடத்தை வைத்துச் செய்தன. இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல். ரேடியேட்டருக்கு அடியில் இருக்கும் முன் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த 'ப' போல் இருந்தால் ஃபோர்டு. இது கவிழ்த்த வகை. சில போல்ட் தலைகளில் ஃபோர்டின் 'எஃப்' எழுத்தும் இருந்தது. வயர் பிரஷ் வைத்துத் தேய்த்ததும் அந்த எழுத்து தெரிந்தபோது பேரனுக்கு முகம் மலர்ந்தது. அதுவரை கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தவன், டார்ச்சைத் தானே வாங்கிக்கொண்டான்.

பிறகு பின்பக்கம். நீலப் பெயிண்டை உப்புத்தாளும் தண்ணீரும் வைத்து மெதுவாகத் தேய்த்தோம். பட்டி வைத்து மறைத்த இடங்களைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் காந்தம் போதும். இரும்பில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. மொத்தம் 23 ஓட்டைகள்.

ஓட்டை எல்லாம் ஓட்டைதானே என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொன்றின் விளிம்பையும் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். எட்டு ஓட்டைகள் வண்டியோடு பிறந்தவை. தண்ணீர் வடியவும், சீட்டையும் டிரெயிலர் சாமான்களையும் மாட்டவும் உள்ளவை. நான்கு ஓட்டைகளின் உள் விளிம்பில் நீலப் பெயிண்ட் மட்டுமே இருந்தது, ஓரம் பிசிறடித்திருந்தது. அவை காண்டிராக்டர் தகரக் கூண்டுக்காகப் போட்டவை. மீதி 11 ஓட்டைகளின் விளிம்பு சுத்தமாக வெட்டப்பட்டு, உள்ளே ராணுவப் பச்சை படிந்திருந்தது. அதாவது வண்டி படையில் இருந்தபோதே, ஒழுங்கான டிரில்லில் போட்டவை.

அந்தப் பதினொன்றைப் பழுப்புத் தாளில் பிரதி எடுத்தோம். தரையில் நான்கு, ஒரு செவ்வகமாக. இடது பின் சுவரில் நான்கு, உள்ளங்கை அகலத்துக்குள். வலது பக்கம் தரையில் மூன்று. செவ்வகத்தின் ஒரு பக்கம் 343 மில்லிமீட்டர் வந்தது. இதென்ன கணக்கு என்று பேரன் கேட்டான். அங்குல அளவுகோலை வைத்தேன், கச்சிதமாக 13½. அங்குலத்தில் யோசித்தவர்கள் போட்ட ஓட்டை அது.

தாளைப் போட்டோவின் பக்கத்தில் வைத்தோம். போட்டோவில் பெட்டி இருக்கும் இடத்தில் நான்கு ஓட்டை; ஏரியல் கம்பு முளைக்கும் இடது மூலையில் நான்கு; ஆபரேட்டரின் காலுக்குப் பக்கத்தில் தெரியும் பாட்டரிப் பெட்டிக்கு மூன்று. அதே வண்டி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே மாதிரி ஒயர்லெஸ் பொருத்திய வண்டி. மிஸ்திரி சொன்ன சல்லடை, வண்டியின் சர்வீஸ் புத்தகமாக இருந்தது. வெல்டு வைத்திருந்தால் ஒரே நாளில் அழிந்திருக்கும்.

பெட்டி கிடைத்தது

போட்டோவில் இருந்தது 19-ஆம் நம்பர் ஒயர்லெஸ் செட். கேம்பிரிட்ஜில் இருந்த பை கம்பெனி உருவாக்கி 1941-ல் படைக்கு வந்தது. டாங்கிகளுக்காகச் செய்யப்பட்டாலும் ஜீப், லாரி எல்லாவற்றிலும் ஏறியது. பதினைந்து வால்வுகள். 2 முதல் 8 மெகாசைக்கிள் வரை ஒரு பகுதி. பக்கத்து டாங்கியோடு பேச 235 மெகாசைக்கிள் அருகில் இன்னொரு பகுதி. டாங்கிக்குள் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள மூன்றாவதாக ஒரு பகுதி. கனடாவில் செய்யப்பட்ட பெட்டிகள் பலவற்றின் முகப்பில் ஆங்கிலத்தோடு ரஷ்ய எழுத்தும் இருக்கும், சோவியத் நாட்டுக்கும் அனுப்பப்பட்டதால்.

யுத்தம் முடிந்ததும் இந்தப் பெட்டிகள் டிஸ்போசல் கடைகளுக்கு வந்து, ஹாம் ரேடியோ அன்பர்கள் பலருக்கு வாழ்வளித்தன. நாக்பூரில் ஒரு முதிய ஹாம் நண்பர் பரணில் ஒன்று வைத்திருந்தார், ரஷ்ய எழுத்தோடு. விஷயத்தைச் சொன்னதும் பெட்டியையும் மின்சப்ளை யூனிட்டையும் கொடுத்துவிட்டார். அடித்தட்டு பாதிதான் இருந்தது. ஒரு பக்கத்துச் சட்டம் போயிருந்தது. ரப்பர் மெத்தைகள் கல்லாகியிருந்தன.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய வால்வு செட்டில் ஒலிபரப்பும் பகுதிக்கு 500 வோல்ட்டுக்கு மேல் போகும். சுவிட்சை அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம். இருட்டில் ஒளிரும் முள்ளோ எண்களோ உள்ள பழைய ராணுவ மீட்டர்களைச் சுரண்டவும் வேண்டாம். அந்தக் காலத்து ஒளிரும் பூச்சில் ரேடியம் கலந்திருக்கலாம்.

மூன்று நாட்டு மரைகள்

தட்டைப் பொருத்தப் போகும்போது முதல் வழக்கு போல்ட்டில் வந்தது. ஜீப் அமெரிக்காவுடையது, அதன் மரைகள் அமெரிக்க நுண்மரை. தட்டு பிரிட்டிஷ் முறை. அதன் மரைகள் பி.எஸ்.எஃப். பெட்டியின் முகப்புத் திருகுகள் பி.ஏ. எனப்படும் மூன்றாவது ஜாதி. நம் ஊர்க் கடையில் கிடைப்பது மெட்ரிக். கால் அங்குல போல்ட்டில் அமெரிக்க நுண்மரை அங்குலத்துக்கு 28, பி.எஸ்.எஃப். 26. கையில் எடுத்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஒன்றின் நட்டை மற்றதில் போட்டால் இரண்டு சுற்று சுகமாகப் போகும். மூன்றாவது சுற்றில் இறுகும். ஸ்பேனர் வைத்து முறுக்கினால் மரை நாசம். கோணமும் வேறு: அமெரிக்க மரை 60 டிகிரி, பிரிட்டிஷ் மரை 55 டிகிரி.

சிக்னல் கேபினில் பழைய பிளாக் கருவிகளைத் திறந்து வேலை செய்தவர்களுக்கு பி.ஏ. திருகு சொந்தக்காரன் மாதிரி. என் டப்பாவிலிருந்தே கொஞ்சம் கிடைத்தது. மற்றதைக் கபாடிக் கடைகளில் மரை கேஜ் வைத்துப் பார்த்துப் பொறுக்கினோம். கிடைக்காததை லேத்தில் வெட்டினோம். விதி ஒன்றுதான்: போல்ட்டுக்காக ஓட்டையைப் பெரிதாக்கக் கூடாது, ஓட்டைக்காகப் போல்ட்டைத் தேட வேண்டும். புதிதாக ஒரு ஓட்டை கூடப் போடவில்லை.

ரப்பரின் கணக்கு

பெட்டி, சப்ளை யூனிட், தட்டு எல்லாம் சேர்த்து எங்கள் தராசில் 36 கிலோ. நான்கு ரப்பர் மெத்தைக்கும் பங்கிட்டால் தலைக்கு 9 கிலோ. மெத்தையின் வேலை என்ன? வண்டியின் அதிர்வு பெட்டிக்குப் போகாமல் தடுப்பது. வால்வுக்குள் இருப்பது முடி போன்ற இழை. நாள் முழுக்க அதிர்ந்தால் அறுந்துவிடும்.

மெத்தை எவ்வளவு மெதுவாக இருக்க வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. பளுவை வைத்ததும் ரப்பர் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று பாருங்கள். அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால், அந்த மெத்தை நொடிக்கு எத்தனை தடவை ஆட விரும்புகிறது என்று தெரியும். கல்லான பழைய ரப்பரின் மேல் 9 கிலோ வைத்தோம். அரை மில்லிமீட்டர்தான் அமுங்கியது. கணக்கிட்டால் நொடிக்கு 22. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 600 சுற்றில் ஐடிலிங் ஓடும்போது நொடிக்கு 20 தடவை உதைக்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் என்ன ஆகும்? வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே பெட்டி சாமியாடும். அதிர்வைக் குறைக்க வைத்த மெத்தை, கெட்டுப்போனால் அதிர்வைக் கூட்டிவிடுகிறது.

ரப்பர் அச்சு வார்க்கும் ஒருவரிடம் இயற்கை ரப்பரில் வளையங்கள் வார்த்து வாங்கினோம். 9 கிலோவுக்கு 4 மில்லிமீட்டர் அமுங்கின. கணக்கிட்டால் நொடிக்கு 8. அதன் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் கீழே, அதாவது 11-க்கு மேல் வரும் அதிர்வெல்லாம் குறைந்துதான் பெட்டிக்குப் போகும். எஞ்சினின் உதைகள் எல்லாம் அதற்கு மேலேதான்.

ரொம்ப மெதுவாக வைத்தாலும் ஆபத்து. பள்ளத்தில் இறங்கினால் பெட்டி துள்ளும். அதனால் தட்டுக்கு மேலும் கீழும் ரப்பர் வளையம், நடுவில் குழாய், அதற்குள் போல்ட், மேலே அகலமான வாஷர் என்று அமைத்தோம். தட்டு இரும்பைத் தொடாமல் ரப்பருக்குள் மிதக்கும். ரப்பர் முழுவதும் கிழிந்தாலும் வாஷர் பிடித்துக்கொள்ளும். ரயில் பெட்டிக்கு அடியில் பிரேக் கம்பிகளுக்கு ஒரு இரும்புத் தூளி கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கம்பி உடைந்தாலும் தண்டவாளத்தில் விழக் கூடாது. அதே புத்திதான்.

மின்சாரத்துக்குப் பாலம்

ரப்பர் அதிர்வை மட்டும் தடுப்பதில்லை, மின்சாரத்தையும் தடுக்கிறது. இதை மறந்த பொருத்தல்தான் ஊரில் அதிகம். ஓமீட்டரை வைத்துப் பார்த்தோம்: தட்டுக்கும் வண்டிக்கும் தொடர்பே இல்லை. ஏரியலுக்கு வண்டியின் உடம்புதான் பூமி. பூமி இல்லாத ஏரியல், ஒரு கை ஓசை.

புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் எங்களிடம் கேட்பார்கள்: "சார், இரண்டு தண்டவாளத்தையும் ஃபிஷ் பிளேட் போல்ட் போட்டுப் பிடிச்சிருக்கே, அப்புறம் எதுக்கு பாண்ட் ஒயர்?" கண்ணுக்கு இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும். நடுவில் இருக்கும் துருவை மின்சாரம் தாண்டாது. தாண்டாவிட்டால் டிராக் சர்க்யூட் வேலை செய்யாது, சிக்னல் சிவப்பிலேயே நிற்கும். ஜீப்பிலும் அதே கதை. பானெட், மட்கார்டு, எஞ்சின், சேஸிஸ், பாடி எல்லாம் போல்ட்டால் சேர்ந்திருந்தாலும் நடுவில் பெயிண்டும் துருவும் ரப்பரும். ஸ்பார்க் பிளக்கின் பொறி ஒவ்வொரு துண்டையும் ஒரு சின்ன ஏரியல் ஆக்கி, ரேடியோவின் காதில் கத்தும்.

யுத்த காலத்து எஞ்சினியர்கள் இதற்கு வைத்த மருந்து ஈயம் பூசிய செப்புப் பின்னல் பட்டை. உருண்டை ஒயர் வேண்டாம். ரேடியோ அலைக்கு அகலமும் குட்டையுமான பட்டைதான் நல்ல பாதை. பட்டை உட்காரும் இடத்தில் பெயிண்டை வெள்ளி போல் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு முறுக்க வேண்டும். பற்கள் இரும்பைக் கடிக்கும். அதன் பிறகே சுற்றிலும் பெயிண்ட். பளபளப்புக்காக இந்த இடங்களையும் சேர்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டு, ரேடியோ ஏன் இரைகிறது என்று கேட்பவர்கள் உண்டு. இதோடு பிளக்குகளுக்கு 10,000 ஓம் தடை, டைனமோவுக்கு மின்தேக்கி. இப்படி அடக்கிய வண்டிக்கு அமெரிக்கப் படையில் வண்டி எண்ணின் கடைசியில் 'எஸ்' என்ற எழுத்தைப் போட்டார்கள். ஒரு எழுத்துக்குப் பின்னால் எவ்வளவு வேலை!

பட்டைகளைப் பேரனே வெட்டி, நுனியில் ஈயம் பற்றவைத்தான். ஒவ்வொரு இணைப்பிலும் 10 ஆம்பியர் செலுத்தி மில்லிவோல்ட் பார்த்தோம். 12 மில்லிவோல்ட்டுக்கு மேல் போன இணைப்பைக் கழற்றி மறுபடி சுரண்டச் சொன்னேன். மூன்று தடவை கழற்றினான். முணுமுணுத்தான், ஆனால் கழற்றினான்.

ஏரியல் தாங்கி இடது பின் சுவரின் நான்கு ஓட்டைகளில் அப்படியே உட்கார்ந்தது. சுவர் மெல்லிய தகடு. கம்பு ஆட ஆட விரிசல் விடும். உள்பக்கம் ஒரு கனமான தகட்டை முட்டுக் கொடுத்தோம். பன்னிரண்டு அடிக் கம்பு வைத்தால் நுனி தரையிலிருந்து சுமார் 4.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். மின்சார ரயில் பாதையின் லெவல் கிராஸிங்கில் நிற்கும் உயரத் தடுப்பு 4.67 மீட்டர், மேலே 25,000 வோல்ட். ஆகவே ரோட்டில் போகும்போது கம்பை வளைத்துக் கட்டு, அல்லது கழற்றி வை என்பது என் கண்டிப்பான உத்தரவு.

ஜீப்புக்கு 6 வோல்ட், செட்டுக்கு 12. எனவே இரண்டு 6 வோல்ட் பாட்டரிகளைத் தொடராக இணைத்து, வண்டியின் மின்சாரத்தோடு கலக்காமல், வலது பக்கத்து மூன்று ஓட்டைகளில் மரப்பெட்டி கட்டி வைத்தோம். பாட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ்.

காது வைத்த நாள்

நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம். ஆகவே மைக்கை இணைக்கவே இல்லை, கேட்பதற்கு மட்டும். ஒரு காலை ஏழு மணிக்கு 7 மெகாசைக்கிள் பக்கம் முள்ளைத் திருப்பினோம். இன்றைய ஹாம்கள் பேசும் முறை அந்தக் காலப் பெட்டிக்குப் புரியாது. முதலில் வாத்து கத்துவது போல இருக்கும். மோர்ஸ் கேட்பதற்காக வைத்த 'ஹெட் டோன்' வசதியைப் போட்டு, முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினால் குரல் மனிதக் குரலாகும். ஆகியது. இரண்டு பேர் தமிழில், கோயம்புத்தூர்ப் பக்கத்து மழையையும் கிணற்று மோட்டாரையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எஞ்சினைக் கிளப்பச் சொன்னேன். குரல் போகவில்லை. சோதனைக்காகப் பானெட்டின் செப்புப் பட்டையையும் பிளக்குகளின் தடைகளையும் கழற்றச் சொன்னேன். டக்டக்டக் என்று ஒரே இரைச்சல். கோயம்புத்தூர் காணாமல் போயிற்று. மறுபடி மாட்டினால் மறுபடி மழை நிலவரம். பேரன் தானாகவே இதை நான்கு தடவை செய்து பார்த்தான். ஆயிரம் வார்த்தையில் நான் சொல்ல முடியாததை அந்தச் செப்புப் பட்டை சொல்லிவிட்டது.

அண்ணா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, போட்டோவில் தகப்பனார் உட்கார்ந்திருந்த பக்கமே உட்கார்ந்தார். வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, "அப்பா எப்பவும் இடது காதைத்தான் முன்னால நீட்டிக் கேட்பார். ஏன்னு இப்பத்தான் தெரியுது. இங்க உட்கார்ந்தா எஞ்சின் வலது காதுப் பக்கம் வருது" என்றார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத தகவல். பெட்டி சரியான இடத்தில் இருந்ததால் கிடைத்தது.

பேரன் பட்டறைக்குப் போய், வெல்டு வேண்டாம், பெயிண்ட் மட்டும் போதும், அதுவும் ராணுவப் பச்சை என்று சொல்லிவிட்டு வந்தான். மாப்பிள்ளை அழைப்பில் ஜீப் ஒயர்லெஸ்ஸோடு போனது. பாட்டுப் பெட்டி பின்னால் ஒரு டெம்போவில் வந்தது. இரண்டு தலைமுறைக்கும் திருப்தி.

நம்மிடம் என்ன இருக்கிறது?

உங்கள் உறவில் யாரிடமாவது பழைய ராணுவ வண்டி இருந்தால், பட்டறைக்கு அனுப்புமுன் ஓட்டைகளைப் போட்டோ எடுத்து, தாளில் பிரதி எடுத்து வையுங்கள். விளிம்பில் என்ன நிறம் என்று பாருங்கள். இன்னதென்று தெரியாத தாங்கி, தட்டு, பட்டை எதையும் எடைக்குப் போடாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க நம் ஊரிலேயே சிக்னல் படையின் அருங்காட்சியகம் இருக்கிறது. முன்கூட்டி விசாரித்துக்கொண்டு போவது நல்லது. மகாராஷ்டிரத்தில் அகமத்நகரில், 2024 முதல் அகில்யாநகர் என்று பெயர், 1994-ல் திறந்த டாங்கி அருங்காட்சியகமும் உண்டு.

வண்டி இல்லாதவர்கள்? டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சிக்னலிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்த நம் பெரியவர்கள் அதிகம் பேசாதவர்கள். அவர்கள் விட்டுப்போன போட்டோ, நோட்டுப் புத்தகம், ஒரு திருகு, ஒரு சாவி எதுவானாலும், அதைத் தெரிந்த ஒருவர் இன்னும் நம் நடுவில் இருக்கும்போதே கேட்டு, பின்புறம் பென்சிலில் எழுதி வையுங்கள். அந்தப் போட்டோவின் பின்னால் "பர்மா, 1945" என்ற இரண்டே வார்த்தை இல்லாமல் போயிருந்தால், பதினொரு ஓட்டைகளும் வெறும் ஓட்டைகளாகவே அடைபட்டிருக்கும்.